எட்டு டம்ளர் தண்ணீரும் ஒரு சட்டமும்

எங்கள் டிப்போ ஆபீஸ் ஜன்னலோரம் ஒரு குரோட்டன்ஸ் செடி இருந்தது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், அப்படி ஒரு செழிப்பு. டைம்கீப்பருக்கு அதைப் பார்த்தால் பூரிப்பு தாங்காது. "இந்த டிப்போல ஒழுங்கா வேலை பாக்குறது இது ஒண்ணுதான்யா" என்று எங்களைப் பார்த்துக்கொண்டே சொல்வார். அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் எங்கள் கண்டக்டரம்மா. சாயங்காலம் டியூட்டி முடிந்து, டிரிப் ஷீட்டையும் பையையும் ஒப்படைத்ததும், தன்னுடைய நீல நிற ஸ்டீல் பாட்டிலின் மூடியைத் திறந்து ஒரு லிட்டரையும் அதற்கு ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போவார். ஒரு வருஷம் சுற்றுச்சூழல் தினத்தன்று அவருக்குப் பாராட்டுப் பத்திரம்கூடக் கொடுத்தார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன்.

காலை ஐந்தரைக்கு நிரப்பிய பாட்டில் சாயங்காலம் ஆறரைக்கும் ஏன் அப்படியே இருக்கிறது என்று எங்களில் ஒரு ஆளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. பதினோரு வருஷம் அவரோடு ஒரே பஸ்ஸில், ஒரே ரூட்டில் ஓடியவன் நான். எனக்கே தோன்றவில்லை என்றால் டைம்கீப்பரைச் சொல்லி என்ன பயன்?

ரூட்டைச் சொல்லிவிடுகிறேன். டவுன் ஸ்டாண்டிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். கடைசி ஸ்டாப் ஒரு மூடிக்கிடக்கும் மில்லின் நீளமான சுவருக்குப் பக்கத்தில். அங்கே பன்னிரண்டு நிமிஷம் வண்டி நிற்கும். நான் இறங்குவேன், சோம்பல் முறிப்பேன், சுவர் பக்கம் போவேன், வருவேன். எல்லா டிரைவருக்கும் அதுதான் வழக்கம். அந்தச் சுவருக்கு நாங்கள் எவ்வளவோ செய்திருக்கிறோம். கண்டக்டரம்மா மட்டும் இறங்க மாட்டார். சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து டிரிப் ஷீட் எழுதுவார். இவ்வளவு அக்கறையாக டிரிப் ஷீட் எழுதும் ஆள் இந்தக் கம்பெனியில் இல்லை என்று நானே பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். டவுன் ஸ்டாண்டில் கழிப்பறை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அங்கே வண்டி நிற்பது நான்கு நிமிஷம், பெண்கள் பக்கத்து வரிசை பதினைந்து நிமிஷம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டாவது கிலோமீட்டரில், ஸ்டாப்பே இல்லாத இடத்தில் சிங்கிள் விசில் கேட்டது. எங்கள் பாஷையில் சிங்கிள் என்றால் நிறுத்து, டபுள் என்றால் கிளம்பு. "இங்க எவன்மா எறங்குறான்?" என்று எரிந்து விழுந்தபடி கண்ணாடியில் பார்த்தேன். யாரும் இறங்கவில்லை. கண்டக்டரம்மா கம்பியைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தார். விசில் வாயிலேயே இருந்தது.

முப்பத்தெட்டு பயணிகளோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டேன். சிறுநீரகத்தில் கல், அதோடு கிருமித் தொற்று, வலது பக்கம் பாதி போய்விட்டது என்றார்கள். மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். நான் போன நேரம், டாக்டர் தன் அறையில் அவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளைக்கு எட்டு டம்ளராவது தண்ணி குடிக்கணும்மா. இது என்ன பெரிய விஷயமா?"

"குடிக்கிறேன் டாக்டர். குடிச்சுட்டு எங்க போறது?"

"எங்க போறதுன்னா?"

டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது, அதில் துண்டு தொங்கியது, அவருக்கென்று தனி பாத்ரூம். கண்டக்டரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் திரும்பிப் பார்த்தார். "ஓ" என்றார். பிறகு குனிந்து மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார். கடைசியில், "இன்னொரு தடவை இப்படி வந்தா இடது பக்கமும் கெட்டுரும். பேசாம ஆபீஸ் வேலைக்கு மாறிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

படியிறங்கும்போது கண்டக்டரம்மா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஆபீஸ்ல போய் உக்கார மாட்டேண்ணே. எங்க செட்டுல ஆறு பொம்பளைங்க கண்டக்டரா சேர்ந்தோம். அஞ்சு பேரு உடம்பு முடியலன்னு ஆபீசுக்குப் போயிட்டாங்க. மிச்சம் நான் ஒருத்திதான்."

அந்த ஐந்து பேர் போனபோது "பொம்பளைங்களுக்கு இந்த வேலை தாங்காதுப்பா" என்று டீக்கடையில் தீர்ப்புச் சொன்னவர்களில் நானும் ஒருவன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இத்தனை வருஷம் ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"என்னன்னுண்ணே சொல்றது?"

ஒரு மாதம் லீவுக்குப் பிறகு அவர் வந்தபோது, என் சீட்டுக்குப் பின்னால் புது போஸ்டர் ஒட்டியிருந்தது. ஒரு பெண் அண்ணாந்து தண்ணீர் குடிக்கிறாள், பல்லெல்லாம் தெரிகிறது. "தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்! நலமே வாழ்வு!" கீழே பொடி எழுத்தில், உடல்நல மேம்பாட்டுச் சட்டம் ஒன்று வரப்போகிறது, பொதுமக்கள் அறுபது நாளைக்குள் கருத்துச் சொல்லலாம் என்று போட்டிருந்தது. பதினோரு வருஷம் கண்டக்டராக இருந்தவர், பொடி எழுத்தை விடுவாரா? நின்றபடியே முழுக்கப் படித்தார். சட்டத்தின் நகலை எங்கிருந்தோ வாங்கியும் வந்தார். அதன் ஏழாவது பிரிவு, எல்லாப் பேருந்திலும் தண்ணீர் குடிக்கச் சொல்லும் இந்த போஸ்டரைக் கட்டாயமாக ஒட்ட வேண்டும் என்று சொன்னது. அவ்வளவுதான். குடித்த தண்ணீர் பிறகு என்ன ஆகும் என்பதைப் பற்றி அறுபத்திரண்டு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

அவர் எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினார். "ஐயா, போஸ்டர் நன்றாக இருக்கிறது. எட்டு டம்ளர் உள்ளே போனால் அது வெளியேயும் போக வேண்டும். ஆகவே ஒவ்வொரு கடைசி ஸ்டாப்பிலும் தண்ணீர் வசதியோடு ஆண்களுக்கும் பெண்களுக்கும் கழிப்பறை கட்ட வேண்டும் என்று ஏழாவது பிரிவிலேயே சேர்த்துவிட்டால் நல்லது." இரண்டே வாரத்தில் பதில் வந்துவிட்டது. அரசாங்கத்தின் வேகத்தைக் குறை சொல்லக் கூடாது. வரைவுச் சட்டத்தில் இல்லாத புதுக் கோரிக்கை என்றால் மூவாயிரம் பேர் கையெழுத்துப் போட்ட மனுவாக இருக்க வேண்டும், அப்போதுதான் சட்டத்தைப் பரிசீலிக்கும் குழு காது கொடுத்துக் கேட்கும் என்று பதில்.

"மூவாயிரம் பேருக்கு எங்கம்மா போவ?" என்றேன்.

"எங்கயும் போக வேணாம்ணே. அவங்களேதான் தினமும் நம்ம வண்டில ஏறுறாங்களே."

மறுநாளே ஒரு பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு, கோடு போட்ட நோட்டைச் செருகி, டிக்கெட் பைக்கு மேலே மாட்டிக்கொண்டார். டிக்கெட், மீதிச் சில்லறை, கையெழுத்து, இப்படி ஒரு வரிசை. நிற்பவர்கள் கம்பியை விட்டுவிட்டுப் போட வேண்டியிருந்ததால், எழுத்தெல்லாம் என் பிரேக்குக்குத் தகுந்தபடி கோணிக்கொண்டு போனது. காய்கறிக் கூடைக்காரம்மா பெருவிரலை மசியில் தோய்த்து உருட்டிவிட்டு, "எனக்கு நாப்பது வருஷமா இந்தக் கதைதான் தாயி. சட்டம் வர்ற வரைக்கும் அடக்கிக்கிறேன்" என்றார், பஸ்ஸே சிரித்தது. ஒரு பள்ளிக்கூட டீச்சர் போட்ட கையோடு, பக்கத்தில் இருந்தவரின் எழுத்துப் பிழையையும் திருத்தினார். ஆம்பிளைகள்தான் இழுத்தார்கள். "இதுக்கெல்லாமா சட்டம்?" என்று ஒருவர் கேட்க, "ஒங்க வீட்டுல கட்டும்போது எதுக்குக் கட்டுனீங்க?" என்று கண்டக்டரம்மா டிக்கெட்டைக் கிழிக்கிற வேகத்தில் கேட்டார். அந்த ஆள் முகத்தில் ஈயாடவில்லை. போட்டுவிட்டு அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார்.

எனக்கும் நோட்டை நீட்டினார். "அப்புறம் போடுறேம்மா" என்றேன். மனு நிர்வாகத்துக்கு எதிரானது என்று மேனேஜர் நினைத்துவிட்டால்? இன்னும் நான்கு வருஷம் சர்வீஸ் இருந்தது. எங்கள் டிப்போவில் நூற்று இருபது டிரைவர்கள். எல்லோரும் "அப்புறம்" என்றுதான் சொன்னார்கள். எங்களுக்குச் சுவர் இருந்தது.

அறுபது நாள் கெடு முடிவதற்குள் ஐயாயிரத்து எழுநூற்றுப் பத்து கையெழுத்து சேர்ந்தது. மூவாயிரம் கேட்ட இடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கண்டக்டரம்மாவின் வீட்டுக்காரர் வாட்ச் ரிப்பேர் செய்பவர், நுணுக்கமான ஆள், ஒன்பது நோட்டையும் நூல் கோத்துத் தைத்துக் கொடுத்தார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். எனக்கு வயிற்றுவலி என்று மேனேஜரிடம் லீவு சொல்லியிருந்தேன். பெரிய ஹால். மேடைமேல் குழு, நடுவில் வெள்ளைத் தாடி வைத்த தலைவர். காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள், எங்கள் முறை மூன்று மணிக்கு வந்தது. நடுவில் ஒரு பணியாளர் தட்டில் தண்ணீர் டம்ளர்களை வைத்து வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சுவரில் எங்கள் பஸ்ஸில் இருக்கிற அதே பல் தெரியும் பெண். கண்டக்டரம்மா அந்தப் பணியாளரிடம் மெதுவாக ஏதோ கேட்டார். "பார்வையாளர்களுக்கு உள்ளது ரிப்பேர்ம்மா, பூட்டியிருக்கு. அந்தப் பக்கம் இருக்கறது மெம்பர்களுக்கு" என்றார் அவர். கண்டக்டரம்மா டம்ளரை அப்படியே தட்டில் வைத்துவிட்டார்.

எங்கள் முறை வந்தது. குழுவின் உதவிக்கு இருந்த தடித்த கண்ணாடிக்கார அதிகாரி, ஒன்பது நோட்டையும் முன்கூட்டியே வாங்கிப் பார்த்திருந்தார்.

"ஒரே ஆள் ரெண்டு ரெண்டு தடவை போட்டிருக்காங்களேம்மா. ரெண்டாயிரத்து எழுநூத்துச் சொச்சம் பேர் இப்படி. இது மோசடி இல்லையா?"

கண்டக்டரம்மாவுக்கு அவர் என்ன கேட்கிறார் என்றே புரியவில்லை. "ஆமா சார், போறப்ப ஒண்ணு, வரப்ப ஒண்ணு. போன டிரிப்பு டிக்கெட்ல திரும்பி வர முடியாதுல்ல சார்? மூணாவதா ஒருத்தர்கிட்டயும் நான் வாங்கல."

ஹால் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டிருந்தது. காலையில் ஏறினவர் ஒரு பயணி, சாயங்காலம் திரும்பினவர் இன்னொரு பயணி. டிரிப் ஷீட்டில் அப்படித்தானே எழுதுவோம்? ஒரு மாதத்துக்கு மேல் என் கண்ணெதிரே நடந்தது, ஒரு நாளும் உறுத்தவில்லை.

"அப்படிப் பார்த்தா மொத்த ஆட்கள் ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு. எண்பத்தாறு குறையுது" என்று அதிகாரி நோட்டை மூடினார்.

எண்பத்தாறு. எங்கள் டிப்போ டிரைவர்கள் நூற்று இருபது பேர் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் கணக்கு எனக்கு அந்த நிமிஷமே உறைத்தது. அது போதாதென்று, குழுவில் இருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

"இந்த பஸ் டிரைவர்."

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்கல்ல?"

கண்டக்டரம்மா முந்திக்கொண்டார். "டிரைவருக்கு ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருந்துச்சும்மா." என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

தலைவர் நல்ல மனிதர். "மனு செல்லாதும்மா. ஆனா இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, ஏதாவது சொல்லணும்னா ரெண்டு நிமிஷம் சொல்லுங்க" என்றார்.

கண்டக்டரம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "இது ஆதாரத்துக்கு." பிறகு ஹாலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். டிக்கெட் வாங்காதவர் யார் என்று பார்க்கிற அதே பார்வை. "காலைல இருந்து சும்மாதான சார் உக்காந்திருந்தேன், தொழில் புத்தி, எண்ணிக்கிட்டிருந்தேன். மேடைல பதினோரு பேரு. எல்லாருமே எந்திரிச்சு அந்தக் கதவு வழியா போயிட்டு வந்தீங்க. கீழ எங்கள மாதிரி சொல்ல வந்த பொம்பளைங்க ஒம்பது பேரு. ஒருத்தியும் போகல. ஒருத்தியும் தண்ணியும் தொடல. எங்க கதவு பூட்டியிருக்கு." தலைவர் பக்கம் திரும்பினார். "தலைவர் ஐயா மட்டும் நாலு தடவை போனீங்க. அத நாலா எண்ணுறதா, ஒண்ணா எண்ணுறதான்னு இப்பத்தான் எனக்குச் சந்தேகம் வருது."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் தாடியைத் தடவினார். "எனக்குச் சர்க்கரை இருக்கும்மா" என்றார், மைக் திறந்திருக்கிறது என்பதை மறந்து.

"அப்ப ஐயாவுக்குத் தெரியும்" என்றார் கண்டக்டரம்மா. வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

மனு தள்ளுபடியானது. ஆனால் குழு உறுப்பினர் யாராவது தன் சொந்தப் பெயரில் திருத்தம் கொண்டுவந்தால் அதற்குக் கையெழுத்தே தேவையில்லையாம். தலைவர் தன் பெயரிலேயே கொண்டுவந்தார். ஏழாவது பிரிவில் இரண்டாவது உட்பிரிவு என்று அது சட்டத்தில் ஏறியும்விட்டது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு பேர் போட்ட கையெழுத்தால் முடியாததை ஒருவருடைய சர்க்கரை வியாதி முடித்துவைத்தது. மக்களாட்சி எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள்.

எட்டே மாதத்தில் எங்கள் கடைசி ஸ்டாப்பில், மில் சுவரை ஒட்டி, வெள்ளையடித்த கட்டடம் எழும்பியது. தண்ணீர்த் தொட்டி, குழாய், இரண்டு பக்கமும் கதவு. கல்வெட்டில் மந்திரி பெயர், தலைவர் பெயர், காண்ட்ராக்டர் பெயர். திறப்பு விழா அன்று கண்டக்டரம்மா அங்கே இல்லை. கூட்டத்தில் ஆதாரத்துக்கு என்று கொடுத்தாரே, அந்த ஸ்கேன் ரிப்போர்ட், அது சுற்றிச் சுற்றி எங்கள் நிர்வாகத்தின் மேஜைக்கு வந்து சேர்ந்துவிட்டது. இவ்வளவு மோசமான உடம்போடு பஸ்ஸில் நிற்க வைத்தால் புதுச் சட்டப்படி தங்கள்மேலேயே கேஸ் வரும் என்று பயந்துபோய், மருத்துவக் குழு வைத்து, பஸ் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதி, டிப்போ ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார்கள். உத்தரவை வாங்கிய அன்று அவர் விசிலை டிராயரில் வைத்துப் பூட்டினார். அன்றைக்கு எனக்கு இந்தச் சட்டத்தின்மேலேயே கோபம் வந்தது.

அதே உட்பிரிவின் அடுத்த வரி, கழிப்பறை கட்டிய இடத்தில் சுவரைப் பயன்படுத்தினால் நடவடிக்கை என்று சொன்னது. எங்கள் பகுதியில் அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டிய ஆள் யார் என்கிறீர்கள்? நான்தான். முப்பது வருஷப் பழக்கம், கால் தானாகச் சுவர் பக்கம் போய்விட்டது. டிப்போவிலிருந்து எனக்கு மெமோ வந்தது. "மூன்று தினங்களுக்குள் தக்க விளக்கம் அளிக்கவும்." டைப் செய்து, சீல் வைத்து, என் கையில் கொடுத்தவர் கண்டக்டரம்மா.

"விளக்கம் என்னன்னும்மா எழுதறது?" என்றேன்.

"ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருந்துச்சுன்னு எழுத முடியாதுண்ணே" என்றார். அவர் ஆபீஸுக்கு வந்த பிறகு சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஜன்னலோரம் குரோட்டன்ஸ் செடி வாடிப் பாதி இலை உதிர்ந்திருந்தது. இவர் இப்போது தன் தண்ணீரைத் தானே குடித்துவிடுகிறார் என்று டைம்கீப்பர் என்னிடம் புகார் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை டவுன் ஸ்டாண்டில் என் வண்டியில் கண்டக்டரம்மா ஏறினார். கையில் அதே நீல பாட்டில். இப்போது என்னோடு வரும் கண்டக்டர் ஒரு இளம்பெண், வேலைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது.

"அக்கா, உங்களுக்கு ஸ்டாஃப் பாஸ் இருக்குல்ல?"

"பரவால்ல, கடைசி ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட் குடும்மா."

ஜன்னலோரம் உட்கார்ந்தார். மூன்றாவது ஸ்டாப் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தேன், பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது ஸ்டாப்பிலும் குடித்தார். அன்றைக்குச் சுருண்டு விழுந்த எட்டாவது கிலோமீட்டர் வரும்போது பாட்டில் தலைகீழாக இருந்தது. இந்தப் பஸ்ஸில் அவர் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டி ஓட்டுகிறவன் கலங்கக் கூடாது, ஆனாலும் கலங்கியது.

கடைசி ஸ்டாப்பில் இறங்கி நேராக அந்தக் கட்டடத்துக்கு நடந்தார். கல்வெட்டை ஒரு நிமிஷம் நின்று படித்தார். உள்ளே போனார். பன்னிரண்டு நிமிஷம் முடிந்தது, நான் வண்டியை எடுக்கவில்லை. பதினாலாவது நிமிஷம் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி வந்தார். குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"சுத்தமாத்தான் வச்சிருக்காங்க. தாழ்ப்பாள் மட்டும் சரியில்லண்ணே, ஒரு கையால பிடிச்சுக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு. லெட்டர் எழுதணும்."

"எழுதும்மா. மொதக் கையெழுத்து என்னோடது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போடுங்க. ஆனா ஒண்ணு போதும்ணே, போறப்ப ஒண்ணு வரப்ப ஒண்ணுன்னு போட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறி, திரும்பிப் போக ஒரு டிக்கெட் வாங்கினார்.